ஆலிவர் ஹெவிசைடு

ஆலிவர் ஹெவிசைடு (மே 18, 1850 – பெப்ரவரி 3, 1925) இங்கிலாந்தைச் சேர்ந்த மின்பொறியியலாளர், இயற்பியலாளர், கணிதவியலாளர் ஆவார். பல்கலைக்கழகக் கல்வி எதுவும் பெறாத இவர், உயர்கணிதத்தையும் மின்காந்தவியலையும் தம் சொந்த முயற்சியாலேயே கற்றார். மாக்சுவெல்லின் மின்காந்தக் கோட்பாட்டை இன்று பாடநூல்களில் காணப்படும் நான்கு திசையன் சமன்பாடுகளாகச் சுருக்கியதும், தொலைபேசிக் கம்பிகளில் ஒலி சிதையாமல் செல்வதற்கான நிபந்தனையைக் கண்டறிந்ததும் இவருடைய முதன்மையான பணிகளாகும். வகையிடுதலை ஓர் எண்ணைப் போலக் கையாளும் செயலி நுண்கணிதத்தை இவர் வளர்த்தெடுத்தார். அதன் வழியே, ஒரு சார்பை அரை முறை வகையிடுதல் என்னும் கருத்தை மின்பொறியியல் கணக்குகளில் விரிவாகப் பயன்படுத்தினார். பின்ன நுண்கணிதம் எனப்படும் கணிதத் துறை, தந்திக் கம்பிவடம் போன்ற நடைமுறைச் சிக்கலுக்கு விடை தரவல்லது என்பதை இப்பணி காட்டியது. ஆயினும், முறையான நிறுவல் இல்லாத காரணத்தால் இவருடைய கட்டுரையொன்று 1894 இல் மறுக்கப்பட்டது. இவர் பெற்ற விடைகள் சரியானவை என்பதற்கான கணித அடிப்படையைப் பிறர் பின்னாளில் அமைத்தனர்.

இளமைக் காலம்

ஹெவிசைடு இலண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். நான்கு ஆண்மக்களில் இவரே இளையவர். தந்தை தாமஸ் மரச்செதுக்கு ஓவியக் கலைஞர். அத்தொழில் நலிவுற்று வந்ததால் குடும்பம் வறுமையில் வாடியது. சிறுவயதில் செங்காய்ச்சலால் தாக்குண்ட ஹெவிசைடுக்குச் செவித்திறன் குறைந்தது. இதனால் மற்றச் சிறுவர்களுடன் பழகுவது இவருக்குக் கடினமாயிற்று.

பள்ளியில் நன்கு படித்த போதிலும், மேற்கல்விக்கு வசதி இல்லாததால் 16 வயதில் பள்ளியை விட்டு நீங்கினார். இவருடைய தாயின் உடன்பிறந்தவர், தந்தித் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான சார்லஸ் வீட்ஸ்டனின் மனைவி ஆவார். இவ்வுறவின் துணையால் ஹெவிசைடும் இவருடைய அண்ணன் ஆர்தரும் தந்தித் துறையில் நுழைந்தனர்.

தந்திப் பணி

1868 இல் இங்கிலாந்தையும் டென்மார்க்கையும் இணைக்கும் கடலடித் தந்திக் கம்பிவடத்தில் இயக்குநராக ஹெவிசைடு பணியேற்றார். முதலில் டென்மார்க்கிலும் பின்னர் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் பணியாற்றினார். இக்கம்பிவடத்தில் ஒரு திசையில் மற்றத் திசையைக் காட்டிலும் விரைவாகச் செய்தி அனுப்ப முடிந்தது. கடலடிக் கம்பிவடத்தின் இரு முனைகளிலும் இணைக்கப்பட்டிருந்த நிலக்கம்பிகள் ஒத்தவையாக இல்லாமையே இதற்குக் காரணம் என்று பின்னர் தம் கட்டுரையில் விளக்கினார்.

1873 இல் வீட்ஸ்டன் சமனச் சுற்று குறித்து இவர் எழுதிய கட்டுரை வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு), மாக்சுவெல் ஆகியோரின் கவனத்தைப் பெற்றது. அதே ஆண்டில் வெளிவந்த மாக்சுவெல்லின் மின்சாரமும் காந்தமும் பற்றிய பெருநூல் இவருடைய வாழ்க்கைப் போக்கையே மாற்றியது. அதனைப் புரிந்துகொள்ளத் தேவையான கணிதம் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்த ஹெவிசைடு, 1874 இல் வேலையை விட்டு விலகிப் பெற்றோரின் இல்லத்துக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 24. அதன் பிறகு அவர் எந்த ஊதியப் பணியையும் ஏற்கவில்லை. எழுத்தால் கிடைத்த சிறு வருவாயும் குடும்பத்தாரின் ஆதரவுமே அவருடைய வாழ்வாதாரமாக இருந்தன.

மின்காந்தக் கோட்பாட்டில் பங்களிப்பு

மாக்சுவெல் தம் கோட்பாட்டை இருபது மாறிகளைக் கொண்ட இருபது சமன்பாடுகளாக அளித்திருந்தார். ஹெவிசைடு 1884 – 1885 காலப்பகுதியில் இவற்றை மின்புலம், காந்தப்புலம் ஆகியவற்றை மையமாகக் கொண்ட நான்கு திசையன் சமன்பாடுகளாக மாற்றி அமைத்தார். இதற்குத் தேவையான திசையன் கணிதத்தையும் அவரே உருவாக்கிக் கொண்டார். அமெரிக்காவில் கிப்ஸ் என்பவரும் ஏறத்தாழ இதே காலத்தில் தனியாக இதே கணிதத்தை அமைத்தார்.

மின்மறுப்பு, மின்தூண்டம், மின்கடத்தம் ஆகியவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்கும் இம்பீடன்சு, இண்டக்டன்சு, கண்டக்டன்சு ஆகிய சொற்களை 1885 – 1886 ஆண்டுகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் ஹெவிசைடே ஆவார்.

கம்பிவடச் சிக்கல்

கடலடிக் கம்பிவடத்தின் ஒரு முனையில் அனுப்பப்படும் கூர்மையான மின்துடிப்பு, மறுமுனையை அடையும்போது பரந்து மழுங்கிவிடும். கம்பிவடத்தின் செப்புக் கடத்தியும் அதைச் சூழ்ந்த கடல்நீரும், இடையில் உள்ள காப்புப் பொருளுடன் சேர்ந்து, நீண்டதொரு மின்தேக்கியாகச் செயற்படுவதே இதன் காரணம். வில்லியம் தாம்சன் 1854 – 1855 இல் இதற்கான கோட்பாட்டை அமைத்தார். அதன்படி கம்பிவடத்தில் மின்னழுத்தம் பரவும் விதம், திண்மப் பொருளொன்றில் வெப்பம் பரவும் விதத்தை ஒத்தது. செய்தி சென்றடைய ஏற்படும் காலத்தாழ்வு, கம்பிவடத்தின் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். அதாவது, நீளம் இரு மடங்கானால் காலத்தாழ்வு நான்கு மடங்காகும்.

1876 இல் ஹெவிசைடு இக்கோட்பாட்டில் மின்தூண்டத்தையும் சேர்த்து விரிவாக்கினார். காப்பின் வழியான மின்கசிவையும் உள்ளடக்கிய முழு வடிவம் இன்று தந்திச் சமன்பாடுகள் என அழைக்கப்படுகிறது. மின்தொடர்பு வழிகள் பற்றிய பாடங்களில் இவை இன்றும் அடிப்படையாக உள்ளன.

செயலி முறையும் அரை வகைக்கெழுவும்

காலத்தைப் பொறுத்து வகையிடுதல் என்னும் செயலை ஹெவிசைடு ஓர் எழுத்தால் குறித்தார். பிறகு அவ்வெழுத்தைச் சாதாரண எண்ணைப் போலவே கூட்டவும், பெருக்கவும், வகுக்கவும் செய்தார். இவ்வாறு கடினமான வகையீட்டுச் சமன்பாடு எளிய இயற்கணிதச் சமன்பாடாக மாறியது. அதன் விடையை மீண்டும் காலத்தின் சார்பாக மாற்றிவிட்டால் கணக்கு முடிந்துவிடும். இத்தகைய செயலிகளை இவருக்கு முன்பும் சிலர் ஆராய்ந்துள்ளனர். எனினும் மின்சுற்றுகளுக்கு ஏற்ற முழுமையான கருவியாக இம்முறையை ஆக்கியவர் ஹெவிசைடு ஆவார்.

இம்முறையை மிக நீண்ட கம்பிவடத்துக்குப் பயன்படுத்தியபோது வியப்பான விளைவு ஒன்று எழுந்தது. முடிவின்றி நீளும் கம்பிவடம் ஒன்றின் முன்முனையில் மேலும் ஒரு சிறு துண்டைச் சேர்த்தாலும் அதன் மின்பண்பு மாறாது. இந்த நிபந்தனையை இயற்கணிதத்தில் எழுதினால், முன்முனையில் உள்ள மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையிலான தொடர்பில் வகையீட்டுச் செயலியின் வர்க்கமூலம் தோன்றுகிறது. இருமுறை தொடர்ந்து செய்தால் ஒரு முழு வகையிடுதலுக்குச் சமமாகும் செயலே இது. இதனையே அரை வகையிடுதல் என்பர்.

பின்ன எண் முறை வகையிடுதல் என்னும் எண்ணம் ஹெவிசைடுக்கு முற்பட்டது. லைப்னிட்ஸ் 1695 இல் லோபிதாலுக்கு எழுதிய கடிதத்தில் அரை வகைக்கெழு பற்றிக் குறிப்பிட்டுள்ளார். நோர்வே நாட்டுக் கணிதவியலாளர் ஏபெல் 1823 இல் இயக்கவியல் சிக்கல் ஒன்றைத் தீர்க்க இத்தகைய தொகையீட்டைப் பயன்படுத்தினார். 1832 இல் லியூவில் இதற்கு ஒரு கோட்பாட்டை அமைக்க முயன்றார். ரீமான், குரூன்வால்ட், லெத்னிகோவ் ஆகியோர் 19ஆம் நூற்றாண்டில் வேறு வரையறைகளை அளித்தனர். இவர்கள் பொது வரையறையிலிருந்து தொடங்கினர். ஹெவிசைடோ கம்பிவடத்திலிருந்து தொடங்கி இதே இடத்தை வந்தடைந்தார்.

அரை வகைக்கெழுவின் இயல்பைப் பின்வரும் எடுத்துக்காட்டால் அறியலாம். காலத்தையே ஒரு சார்பாக எடுத்துக்கொண்டால், அதன் முதல் வகைக்கெழு 1 ஆகும். அதன் அரை வகைக்கெழு, காலத்தைப் பையால் வகுத்துக் கிடைக்கும் அளவின் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்கு ஆகும். இதனை மீண்டும் அரை முறை வகையிட்டால் 1 கிடைக்கும். அந்த 1 ஐ மேலும் ஒரு அரை முறை வகையிட்டால் சுழி கிடைக்காது. பையையும் காலத்தையும் பெருக்கி, அப்பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் 1 ஐ வகுத்தால் வரும் அளவே கிடைக்கும். தொடக்கக் கணம் வரை சுழியாக இருந்து அக்கணத்தில் திடீரென 1 ஆக உயரும் சார்பையே இங்கு 1 என்பது குறிக்கிறது. இது இன்று ஹெவிசைடு படிச் சார்பு எனப்படுகிறது.

கடைசியாகக் கூறிய விடையை ஹெவிசைடு எந்த வரையறையிலிருந்தும் வருவிக்கவில்லை. இதே சிக்கலுக்குப் பூரியே முறையில் முன்பே அறியப்பட்டிருந்த விடையுடன் தம் செயலிக் கோவையை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று கொண்டார். பின்னர் அதனையே அடிப்படையாக வைத்துப் புதிய சிக்கல்களைத் தீர்த்தார்.

இவ்விடையின் பொருள் எளிது. நீண்ட கம்பிவடம் ஒன்றை மின்கலத்துடன் இணைத்தால், முன்முனையில் பாயும் மின்னோட்டம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 4ஆம் நொடியில் அது 1ஆம் நொடியில் இருந்ததில் பாதியாகவும், 100ஆம் நொடியில் பத்தில் ஒரு பங்காகவும் இருக்கும். ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் மட்டும் கொண்ட சுற்றில் மின்னோட்டம் இதைவிட மிக விரைவில் அடங்கிவிடும். கம்பிவடமோ முன்னர் நிகழ்ந்ததை நெடுநேரம் நினைவில் வைத்திருப்பது போல் நடந்துகொள்கிறது. சாதாரண வகைக்கெழு ஒரு கணத்தின் அண்மையை மட்டும் பொறுத்தது. பின்ன வகைக்கெழு சார்பின் முன்வரலாறு முழுவதையும் பொறுத்தது. இவ்வேறுபாடே இங்கு வெளிப்படுகிறது.

மாறுதிசை மின்னோட்டத்திலும் இதனைக் காணலாம். தூய மின்தடையில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே கட்டத்தில் இருக்கும். தூய மின்தேக்கியில் மின்னோட்டம் 90 பாகை முந்தி இருக்கும். மின்தூண்டமும் கசிவும் புறக்கணிக்கத்தக்க நீண்ட கம்பிவடத்தில் இது சரிபாதியாக, அதாவது 45 பாகையாக இருக்கும்.

புவியின் அகவை

அரை வகைக்கெழு வெப்பக் கடத்தலிலும் பயன்பட்டது. உருகிய நிலையிலிருந்து குளிரும் புவியின் மேற்பரப்பு வெப்பநிலைச் சரிவும் காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இந்த அடிப்படையில் கெல்வின் 1862 இல் புவியின் அகவை 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் இருக்கும் எனக் கணித்திருந்தார். 1895 இல் ஜான் பெர்ரி, புவியின் உட்பகுதி மேற்பகுதியைக் காட்டிலும் நன்றாக வெப்பத்தைக் கடத்துமானால் அகவை பன்மடங்கு கூடும் எனக் காட்டினார். இச்சிக்கலை ஹெவிசைடு தம் செயலி முறையால் தீர்த்துப் பெர்ரிக்குத் துணை நின்றார். தம் நூலின் இரண்டாம் தொகுதியில் இதற்கெனத் தனி இயலையும் ஒதுக்கினார்.

அரச கழகத்தின் மறுப்பு

1891 இல் ஹெவிசைடு, ராயல் சொசைட்டி எனப்படும் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுப்பினர்களின் கட்டுரைகளைக் கழகத்தின் நடவடிக்கை இதழில் மதிப்பாய்வு இன்றியே வெளியிடுவது அக்கால வழக்கமாக இருந்தது. இவ்வழக்கத்தின்படி, இயற்பியல் கணிதத்தில் செயலிகள் என்னும் பொருளில் அவர் எழுதிய கட்டுரையின் முதல் இரு பகுதிகள் 1893 இல் வெளியாயின.

அவற்றில் பின்ன வகையிடுதலும், விரிதொடர்களும் தடையின்றிப் பயன்படுத்தப்பட்டிருந்தன. முடிவான கூட்டுத்தொகை இல்லாத தொடரே விரிதொடர் ஆகும். அத்தகைய தொடரின் முதற்சில உறுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஹெவிசைடு மிகத் துல்லியமான எண்விடைகளைப் பெற்றார். ஆனால் அது ஏன் சரியாகிறது, எப்போது தவறும் என்பதை அவர் நிறுவவில்லை. விடையைச் சோதித்து அறியலாம் என்பதும், பயன்பாட்டில் தெளிவு பெற்ற பின்னரே நிறுவல் வரும் என்பதும் அவருடைய நிலைப்பாடாக இருந்தது. கேம்பிரிட்ஜ் மரபில் பயின்ற கணிதவியலாளர்களுக்கு இது ஏற்புடையதாக இல்லை.

மூன்றாம் பகுதி வழக்கத்துக்கு மாறாக மதிப்பாய்வுக்கு அனுப்பப்பட்டது. மதிப்பாய்வாளராக இருந்த கணிதவியலாளர் வில்லியம் பர்ன்சைடு அதனை வெளியிடத் தகாதது எனக் கருதினார். 1894 இல் கட்டுரை மறுக்கப்பட்டது. ஹெவிசைடு இதனால் மனம் வருந்தினார். எனினும் இதே ஆய்வுப் பொருளைத் தி எலக்ட்ரீசியன் என்னும் தொழில்சார் வார இதழில் தொடராக எழுதினார். 1899 இல் வெளிவந்த மின்காந்தக் கோட்பாடு நூலின் இரண்டாம் தொகுதியில் அது இடம்பெற்றது. இதனால் பின்ன வகையீட்டைப் பயன்படுத்தும் முறை, கணிதவியலாளர்களை விட முன்னதாக மின்பொறியியலாளர்களைச் சென்றடைந்தது.

தொலைபேசியும் அஞ்சல் துறையுடனான முரண்பாடும்

மின்தூண்டம் தொலைபேசி உரையாடலுக்குத் தீங்கானது என்பது பிரித்தானிய அஞ்சல் துறையின் தலைமை மின்பொறியாளர் வில்லியம் பிரீசின் கருத்து. ஹெவிசைடு 1887 இல் இதற்கு நேர்மாறான முடிவை வெளியிட்டார். மின்தூண்டத்துக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம், மின்தேக்குத்திறனுக்கும் கசிவுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாக இருந்தால், குறிப்பலை வலுவிழக்குமே தவிர வடிவம் சிதையாது என்று காட்டினார். வழக்கமான கம்பிகளில் மின்தூண்டம் மிகக் குறைவு என்பதால் அதனைக் கூட்டுவதே பயன் தரும் என்பது இதன் பொருளாகும்.

ஆர்தரும் ஹெவிசைடும் இணைந்து எழுதிய கட்டுரை வெளிவர ஆர்தர் பணியாற்றிய அஞ்சல் துறையின் ஒப்புதல் தேவைப்பட்டது. பிரீசு அதனை மறுத்துவிட்டார். அதே ஆண்டில் தி எலக்ட்ரீசியன் இதழின் ஆசிரியர் மாற்றப்பட்டார். ஹெவிசைடின் தொடரும் நிறுத்தப்பட்டது. 1888 இல் ஹெர்ட்ஸின் மின்காந்த அலைச் சோதனைகள் வெளியான பின் நிலைமை மாறியது. 1889 இல் கெல்வின் மின்பொறியாளர் கழகத்தின் தலைமையுரையில் ஹெவிசைடின் பணியைப் பாராட்டினார். கம்பியில் இடையிடையே சுருள்களைச் சேர்த்து மின்தூண்டத்தைக் கூட்டும் முறை 1900 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் கேம்பல், பியூப்பின் ஆகியோரால் நடைமுறைக்கு வந்தது. காப்புரிமையால் பெரும் பொருள் ஈட்டியவர் பியூப்பினே. ஹெவிசைடுக்கு இதனால் பொருட்பயன் ஏதும் கிட்டவில்லை.

ஹெவிசைடு அடுக்கு

1902 இல் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கலாம் எனவும், அது வானொலி அலைகளைப் புவியின் வளைவைச் சுற்றி நடத்திச் செல்லலாம் எனவும் ஹெவிசைடு கூறினார். அதே ஆண்டில் அமெரிக்காவில் கென்னலி என்பவரும் இதனைத் தனியாக முன்வைத்தார். இவ்வடுக்கு இருப்பதை ஆப்பிள்டனும் பார்னெட்டும் 1924 டிசம்பரில் சோதனை மூலம் கண்டனர். இது அயனி மண்டலத்தின் ஒரு பகுதியாகும்.

இறுதிக் காலம்

1889 இல் ஹெவிசைடு பெற்றோருடன் தென்மேற்கு இங்கிலாந்தின் பெயின்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார். பெற்றோர் 1894, 1896 ஆண்டுகளில் அடுத்தடுத்துக் காலமாயினர். இவருடைய வறுமையைக் கண்ட நண்பர்கள் அரச கழகத்தின் உதவி நிதியைப் பெற்றுத்தர முயன்றபோது, அதனைப் பிச்சையாகக் கருதி மறுத்துவிட்டார். அறிவியல் பணிக்கான மதிப்பளிப்பு என எடுத்துரைக்கப்பட்ட பின், ஆண்டுக்கு 120 பவுண்டு அரசு ஓய்வூதியத்தை 1896 இல் ஏற்றுக்கொண்டார்.

1905 இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1908 முதல் டார்க்கீ நகரில் வாழ்ந்தார். கடைசி ஆண்டுகளை நோயுடனும் தனிமையிலும் கழித்தார். மின்பொறியாளர் கழகம் 1922 இல் தான் நிறுவிய பாரடே பதக்கத்தை முதன்முதலாக இவருக்கே அளித்தது. 1925 பெப்ரவரி 3 அன்று, தமது 74 ஆம் வயதில் டார்க்கீயில் இறந்தார். இவருடைய உடல் பெயின்டன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்காலத் தாக்கம்

ஹெவிசைடின் செயலி முறைக்கான நிறுவல்கள் படிப்படியாக வந்தன. 1916 இல் பிராம்விச் சிக்கலெண் தளத்தில் அமையும் தொகையீடுகளைக் கொண்டு அதனை நியாயப்படுத்தினார். 1920களில் கார்சன் அதனை லாப்லாசு உருமாற்றத்துடன் தொடர்புபடுத்தினார். 1937 இல் டோட்ஸ் எழுதிய நூலுக்குப் பின் பொறியியல் கல்வியில் லாப்லாசு உருமாற்றம் ஹெவிசைடு முறையின் இடத்தைப் பிடித்தது. 1950களில் போலந்து நாட்டின் மிக்குசின்சுகி செயலி முறைக்கு நேரடியான இயற்கணித அடித்தளம் அமைத்தார். கணிதவியலாளர் விட்டேக்கர், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையில், 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் நிகழ்ந்த மூன்று தலையாய கணித முன்னேற்றங்களுள் ஒன்றாகச் செயலி நுண்கணிதத்தை மதிப்பிட்டார்.

அரை வகைக்கெழுவைத் தோற்றுவித்த விரவல் நிகழ்வு வேறு பல துறைகளிலும் காணப்படுகிறது. 1899 இல் வார்பர்க் மின்வேதியியலில் கண்ட, 45 பாகைக் கட்ட வேறுபாடு கொண்ட மின்மறுப்பு இதன் எடுத்துக்காட்டாகும். மின்கலங்களின் நிலையை ஆராய இது இன்றும் பயன்படுகிறது. பொருளொன்றின் மேற்பரப்பு வெப்பநிலையை மட்டும் அளந்து உள்ளே பாயும் வெப்பத்தைக் கணக்கிடுவதும் அரை வகைக்கெழுவால் இயல்கிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்ன நுண்கணிதம் தனித்துறையாக வளர்ந்தது. 1967 இல் இத்தாலியின் கப்பூட்டோ, புவி இயற்பியலில் ஆற்றல் இழப்பை விளக்க இன்று அவர் பெயரால் வழங்கும் வகைக்கெழுவைப் பயன்படுத்தினார். 1974 இல் ஓல்டாம், இசுபேனியர் ஆகியோர் எழுதிய, இத்துறைக்கென்றே அமைந்த நூல் வெளியானது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஏவனில் இத்துறையின் முதல் மாநாடும் நடைபெற்றது. 1980களில் பேக்லி, டார்விக் ஆகியோர் ரப்பர் போன்ற பாகுமீள் பொருள்களின் அதிர்வை இதனால் விளக்கினர். 1999 இல் பொட்லுப்னி, பின்னப் படி கொண்ட தொகையீட்டையும் வகையீட்டையும் பயன்படுத்தும் கட்டுப்பாட்டுக் கருவியை முன்மொழிந்தார்.

படிச் சார்பும் ஹெவிசைடு அடுக்கும் இவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றன. நிலாவிலும் செவ்வாயிலும் உள்ள கிண்ணக்குழிகளுக்கும் இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நூல்கள்

மின்சாரக் கட்டுரைகள், இரு தொகுதிகள் (1892)
மின்காந்தக் கோட்பாடு, முதல் தொகுதி (1893)
மின்காந்தக் கோட்பாடு, இரண்டாம் தொகுதி (1899)
மின்காந்தக் கோட்பாடு, மூன்றாம் தொகுதி (1912)